தோட்டத்துக் கதவைத் திறக்க வேண்டாம்

2019 ஜூலையில் கியோட்டோவில் ஒரு பழைய மரவீட்டில் நான்கு இரவு தங்கினேன். அப்போது எனக்கு ஒசாகாவில் ஐந்து மாத ஆன்சைட் வேலை. கடல் நாள் விடுமுறையோடு ஒரு நாள் லீவு சேர்த்ததில் நான்கு இரவு கிடைத்தது. ஹோட்டல் வேண்டாம், மாச்சியாவில்தான் தங்கணும் என்று ஒற்றைக் காலில் நின்று தேடிப் பிடித்தேன். மாச்சியா என்றால் நகரத்து வியாபாரிகளும் கைவினைஞர்களும் முன்பக்கம் கடையும் பின்பக்கம் குடித்தனமுமாக வாழ்ந்த மரவீடு. நான் எடுத்தது அப்படி ஒன்றைப் புதுப்பித்து, முழு வீடாக நாள் வாடகைக்கு விடுகிற இடம்.

நல்ல வேலைப்பாடு, அதில் சந்தேகம் இல்லை. தூண்களையும் உத்தரங்களையும் பழையபடி விட்டிருந்தார்கள். தத்தாமி பாய் புதுசு. குளியலறையில் மரத்தொட்டி. பின்பக்கம் ஒரு சின்னத் தோட்டம்: பாசி, கல்விளக்கு, கை கழுவும் கல்தொட்டி, இரண்டு மூன்று நிழல்செடிகள். இருட்டியதும் தோட்டத்து விளக்குகள் தானாக எரிந்தன. போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். எல்லாருக்கும் பிடித்துப்போனது.

மேஜை மேல் பிளாஸ்டிக் உறைக்குள் நான்கு மொழிகளில் ஒரு கையேடு இருந்தது. வைஃபை கடவுச்சொல், குப்பை பிரிக்கும் முறை, இரவு 9 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று வரிசையாகப் போய், நடுவில் தடித்த எழுத்தில் ஒரு வரி: தோட்டத்துக் கதவைத் திறக்க வேண்டாம். கொசு வரும், ஏசி வீணாகும்.

நியாயமான வரிதான். நான்கு நாளும் நான் திறக்கவில்லை. ஆனா மூன்றாம் நாள் காலை காபியோடு கண்ணாடி ஓரம் உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். கல்தொட்டியில் தண்ணீர் இல்லை. தோட்டத்து மூலையில், மூங்கில் தட்டி வைத்து மறைத்தபடி, ஏசியின் அவுட்டோர் யூனிட். அதற்கு நேர் எதிரே ஒரு முறம் அளவுக்குப் பாசி கருகிப் பழுப்பாகிக் கிடந்தது. வீட்டைக் குளிர வைக்கிற பெட்டி தன் சூட்டையெல்லாம் தோட்டத்துக்குள் ஊதிக்கொண்டிருந்தது.

அது எவ்வளவு தலைகீழான காட்சி என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு படித்துத்தான் புரிந்தது.

ஒரு சகாவின் கேள்வி

புதன்கிழமை ஆபீசில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் டீமில் ஐம்பதைத் தாண்டிய ஜப்பானியர் ஒருவர் போட்டோக்களைப் பார்த்தார். தன் அம்மா இருந்த வீடும் கியோட்டோவில் இப்படி ஒரு மாச்சியாதான், இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது என்றார். அவர் முன்னால் மூன்று வழி இருந்தது. இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கலாம். விற்கலாம். அல்லது நான் தங்கியதுபோல விடுதி ஆக்கலாம். நீங்கள் தங்கிவிட்டு வந்திருக்கிறீர்களே, எதைச் செய்யலாம் என்று கேட்டார்.

நான் உடனே எக்செல் திறந்தேன். நம்ம புத்தி அப்படி. வருமானப் பக்கம் விறுவிறுவென்று நிரம்பியது. செலவுப் பக்கத்தில் சுத்தம் செய்ய, சலவைக்கு, காப்பீட்டுக்கு என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் 'தோட்டம்' என்று ஒரு வரி போட்டேன். அதில் என்ன எண் போடுவது என்று தெரியவில்லை. அந்த ஒரு கட்டத்தை நிரப்பப் போய்த்தான் அடுத்த சில மாதங்கள் மாச்சியா பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வீடு எப்படி ஓடுகிறது

கியோட்டோவின் மாச்சியா தெருப்பக்கம் குறுகலாகவும் உள்ளே நீண்டும் இருக்கும். விலாங்குமீன் படுக்கை என்று அதற்கு அங்கே ஒரு செல்லப்பெயர். பக்கத்து வீடுகளோடு ஒட்டிக் கட்டியிருப்பதால் இருபக்கமும் ஜன்னல் வைக்க முடியாது. வெளிச்சமும் காற்றும் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் வரணும். நடுவில் இருக்கும் அறைகளுக்கு? அதற்குத்தான் த்சுபோநிவா என்கிற குட்டித் தோட்டம். ஒரு த்சுபோ என்பது இரண்டு தத்தாமி பாய் அளவு, சுமார் 3.3 சதுர மீட்டர். பெரிய வீடுகளில் பின்னால் இன்னொரு தோட்டமும் உண்டு.

தெருவாசலிலிருந்து பின்பக்கம் வரை ஒரு மண்தரை நடை போகும். அதன் பெயர் தோரிநிவா. அடுப்பும் கிணறும் அங்கேதான். அடுப்புக்கு மேல் தளம் கிடையாது. கூரை வரை திறந்த உயரமான வெளி. புகையும் சூடும் ஏறி மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறும். அந்த வெளிக்கு ஹிபுகுரோ, அதாவது நெருப்புப் பை, என்று பெயர். நடைக்கும் தோட்டத்துக்கும் 'நிவா' என்று ஒரே சொல்தான் புழங்குகிறது என்பதைக் கவனிக்கலாம். இரண்டும் வீட்டுக்குள் இருக்கும் வெளி.

கியோட்டோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணம். கோடையில் காற்று அசையாது. வீட்டைக் கோடைக்காகக் கட்டு, குளிரை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம் என்பது அங்கே பழைய கட்சி. 14ஆம் நூற்றாண்டில் கென்கோ என்ற துறவியே இந்தப் பக்கம்தான் நின்றார். த்சுபோநிவா இந்தக் கட்சியின் இயந்திரம். நிழலில் இருக்கும் ஈரத் தோட்டத்தின் காற்று குளிர்ந்திருக்கும். தெருவிலோ, வெயில் படும் மற்றத் தோட்டத்திலோ காற்று சூடாகி மேலே எழும். அந்த வித்தியாசம் அறைகளின் ஊடே மெல்லிய காற்றோட்டத்தை இழுக்கும். சாயங்காலம் தோட்டத்திலும் வாசலிலும் தண்ணீர் தெளித்தால் வித்தியாசம் கூடும், காற்றும் கூடும்.

இது நடக்க வீடு திறந்திருக்கணும். அதனால்தான் ஜூன் வாக்கில் வீட்டுக்கு உடை மாற்றுவார்கள். காகிதமும் துணியும் ஒட்டிய ஷோஜி, ஃபுசுமா கதவுகளைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, நாணல் கதவுகளை மாட்டுவார்கள். தாழ்வாரத்தில் மூங்கில் தட்டிகள் தொங்கும். தத்தாமிக்கு மேல் பிரம்புப் பாய் விரிப்பார்கள். செப்டம்பர் கடைசியில் எல்லாம் திரும்ப மாறும்.

ஆக, நான் பார்த்த தோட்டம் குளிரூட்டும் கருவி. அதன் கதவை மூடச் சொல்லிவிட்டு, அதற்குள்ளேயே இன்னொரு குளிரூட்டும் கருவியின் சூட்டை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு கையேடு

கியோட்டோவின் மையப் பகுதியில் சுகிமோதோ குடும்பத்தின் வீடு இருக்கிறது. நாராயா என்ற பெயரில் கிமோனோ துணி வியாபாரம் செய்த குடும்பம். 1864இல் நகரத்தை எரித்த பெருந்தீயில் போன வீட்டை 1870இல் மறுபடி கட்டினார்கள். இன்று அது அரசு அறிவித்த முக்கியப் பண்பாட்டுச் சொத்து. தோட்டமும் தனியாகப் பாதுகாக்கப்பட்டது. ஓர் அறக்கட்டளையின் பேரில் குடும்பத்தாரே பராமரிக்கிறார்கள்.

எனக்கு அந்த வீட்டைவிட அதன் ஒரு குறிப்பேடுதான் முக்கியமாகப் பட்டது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தக் குடும்பம் எழுதத் தொடங்கியது. வருஷத்தின் எந்த நாளில் எந்தச் சடங்கு, எதை எடுத்து வைக்கணும், அன்றைக்கு வீட்டாருக்கும் வேலையாட்களுக்கும் என்ன சாப்பாடு என்று நாள்வாரியாகப் போகும் குறிப்பு. எங்கள் தொழிலில் இதை ரன்புக் என்போம். சர்வரை யார் வேண்டுமானாலும் வாங்கி வைக்கலாம். எந்த நாளில் எதைச் செய்யணும் என்று எழுதிய ரன்புக்கும், அதைச் செய்கிற ஆளும் இல்லாவிட்டால் அது ஆறு மாதத்தில் படுத்துவிடும்.

இப்போது இரண்டு கையேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுகிமோதோ குறிப்பேடு வீட்டில் இருப்பவர் செய்யவேண்டியதைச் சொல்கிறது. நான் தங்கிய வீட்டின் கையேடு செய்யக்கூடாததைச் சொல்கிறது. முன்னதில் வீடு ஒரு வேலை. பின்னதில் வீடு ஒரு பொருள். அதை உடைக்காமல் திருப்பிக் கொடுக்கணும், அவ்வளவுதான்.

என் விமர்சனம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது. விடுதியாக மாற்றும்போது மரத்தைக் காப்பாற்றுகிறார்கள். வருஷச் சுழற்சியைத் தூக்கிப் போடுகிறார்கள். ஓடிக்கொண்டிருந்த ஒன்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாட்டியதுபோல ஆகிவிடுகிறது. விளம்பரத்தில் மட்டும் அதன் பெயர் 'அசல் அனுபவம்'.

எதிர்த்தரப்பு சொல்வதில் உண்மை இருக்கிறது

உடனே ஒரு கேள்வி வரும். சரி சார், விடுதி ஆக்காவிட்டால் அந்த வீடு என்ன ஆகும்?

இடிந்து போகும். இதில் மழுப்ப முடியாது. 2016இல் கியோட்டோ நகராட்சி எடுத்த கணக்கில் சுமார் 40,000 மாச்சியாக்கள் இருந்தன. அதற்கு முந்தைய ஏழு வருஷத்தில் சுமார் 5,600 காணாமல் போயிருந்தன. ஒரு நாளைக்கு இரண்டு வீடு. நின்றிருந்தவற்றிலும் ஏழில் ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. ஜப்பான் முழுக்கப் பார்த்தால் நிலைமை இன்னும் பெரிசு: 2023 கணக்கெடுப்பில் காலி வீடுகள் சுமார் 90 லட்சம், மொத்த வீடுகளில் 13.8 சதவீதம்.

காரணங்களும் ஒன்றை ஒன்று தாங்கிப் பிடிக்கின்றன. மையப் பகுதியில் நிலமதிப்பு அதிகம். வாரிசு வரி அதை வைத்துத்தான் வரும். 1950இல் வந்த கட்டடச் சட்டத்துக்கு முந்தைய கட்டுமானம் என்பதால், இடித்தால் அதே மாதிரி திரும்பக் கட்டுவது கடினம். வைத்துக்கொண்டால் நில அதிர்வுக்குப் பலப்படுத்தும் செலவு. 2017இல் நகராட்சி மாச்சியா பாதுகாப்புக்கு என்றே ஒரு சட்டம் போட்டது. இடிக்கும் முன் அறிவிக்கணும், குறிப்பிட்ட வீடுகளுக்கு ஒரு வருஷம் முன்பே அறிவிக்கணும் என்றது. அறிவிப்பு நேரத்தை வாங்கித் தரும். பணத்தை வாங்கித் தராது.

பணம் பயணிகளிடம் இருந்தது. 2018 ஜூன் 15இல் அமலான தனியார் தங்குமிடச் சட்டம் வீட்டை வருஷத்துக்கு 180 நாள் வாடகைக்கு விட அனுமதித்தது. பதிவு எண் கட்டாயம் என்றதும், ஏர்பிஎன்பி ஜப்பானில் தன் பட்டியலில் இருந்த இடங்களில் சுமார் 80 சதவீதத்தை ஒரே மாதத்தில் நீக்கியது. கியோட்டோ இன்னும் கறார்: குடியிருப்புக்கு மட்டும் என்று ஒதுக்கிய பகுதிகளில் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை சுமார் 60 நாள்தான். ஆனால் மாச்சியாவுக்கு இந்த 60 நாள் வரம்பிலிருந்து விலக்கு உண்டு. அதாவது, பழைய வீட்டைக் காப்பாற்றும் கருவியாகவே விடுதியை நகராட்சி பார்த்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு உண்மையும் உண்டு. பழைய ஜப்பானிய வீட்டில் வாழ்வது சுகமில்லை. குளிர்காலத்தில் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர். இருட்டு. ஜுனிசிரோ தனிசாகி 1933இல் நிழலைப் புகழ்ந்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையே, மின்கம்பியையும் கழிப்பறையையும் ஜப்பானிய வீட்டில் எங்கே ஒளிப்பது என்ற வீட்டுக்காரப் புலம்பலில்தான் ஆரம்பிக்கிறது. அவரைப் பற்றி ஒரு கதை. அவர் புது வீடு கட்ட நினைத்தபோது, கட்டடக் கலைஞர் ஒருவர் உங்கள் கட்டுரையைப் படித்திருக்கிறேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியும் என்றாராம். அந்த மாதிரி வீட்டில் என்னால் குடியிருக்கவே முடியாதே என்றாராம் தனிசாகி. அவர் மனைவி சொன்னதாகக் கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் பதிவு செய்திருக்கிறார்.

அலெக்ஸ் கெர் இந்தக் கதையிலிருந்து நேர்மையான பாடம் படித்தவர். 1973இல் ஷிகோகு தீவின் இயா பள்ளத்தாக்கில் பாழடைந்த கூரைவீடு ஒன்றை வாங்கிச் சீர்செய்த அமெரிக்கர். 2004இல் கியோட்டோவில் மாச்சியாக்களைப் புதுப்பித்து முழு வீடாக வாடகைக்கு விடும் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று நாம் பார்க்கும் இந்த வகைக்கு முன்னோடிகளில் ஒருவர். தரைக்கு அடியில் சூடேற்றி வை, நல்ல குளியலறை போடு, சுவருக்குள் குளிர்த்தடுப்பு வை. வசதி இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள், வராவிட்டால் வீடு விழும் என்பதே அவர் நிலை. நான் அதை ஏற்கிறேன். அதே கெர்தான் 2019இல் அளவுமீறிய சுற்றுலா ஜப்பானை அழிக்கிறது என்று ஒரு புத்தகமே எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

ஆக, என் குறை ஏசி மேல் இல்லை. ஜூலையில் கியோட்டோவில் ஏசி இல்லாமல் நானே ஓடி வந்திருப்பேன். யூனிட்டைத் தோட்டத்துக்குள் வைத்தார்களே, அதுதான். கூரை மேலோ பின்சுவருக்கு வெளியிலோ வைக்க இடமும் வேலையும் வேண்டும், செலவு கூடும் என்பது புரிகிறது. ஆனால் அந்த முடிவை எடுத்தவர் தோட்டத்தைப் பார்க்கும் பொருளாக மட்டுமே நினைத்திருக்கிறார். தட்டி வைத்து மறைத்ததே அதற்குச் சாட்சி. கண்ணுக்குத் தெரியாவிட்டால் போதும் என்ற கணக்கு.

தோட்டம் என்கிற ஒரு வரி

என் எக்செல் கட்டத்துக்கு வருகிறேன். தோட்டத்துக்கு என்ன எண்?

த்சுபோநிவாவில் பெரும்பாலும் நிழல் தாங்கும் பாசி, பெரணி, நந்தினா மாதிரிச் செடிகள். பாசியில் விழுந்த இலையை அன்றன்று எடுக்கணும். கிடந்தால் அடியில் அழுகும். களையைக் கையால்தான் பிடுங்க முடியும். காய்கிற நாட்களில் தெளிக்கணும். பெரிய தோட்டத்தில் பைன் மரம் இருந்தால் கதை வேறு. வசந்தத்தில் புதுக் குருத்துகளை விரலால் கிள்ளி எடுக்கணும். இலையுதிர்காலத்திலிருந்து பழைய ஊசி இலைகளை ஒவ்வொன்றாக உருவணும். சில வருஷம் விட்டுவிட்டால் உள்கிளைகள் வெளிச்சமின்றி வெறுமையாகிவிடும். பைன் முதிர்ந்த மரக்கட்டையிலிருந்து எளிதில் துளிர்க்காது. ஐம்பது வருஷம் ஒருவர் கை வைத்த வடிவம் ஐந்து வருஷ அலட்சியத்தில் போனால் போனதுதான். இதற்கு பேக்கப் கிடையாது.

தோட்டக்காரர் வருஷத்துக்கு இரண்டு முறை வருவதை எண்ணாக்கலாம். தினமும் காலையில் தாழ்வாரக் கதவைத் தள்ளி, எட்டிப் பார்த்து, இரண்டு இலையை எடுத்துப்போடுகிற ஆளை எண்ணாக்க முடியவில்லை. அவர் சம்பளமில்லாத வேலைக்காரர். பெரும்பாலும் வீட்டில் இருந்த வயதான பெண். விடுதிக் கணக்கில் அவருக்குக் கட்டமே இல்லை. அதனால்தான் பல புதுப்பிப்புப் படங்களில் பாசி இருந்த இடத்தில் வெள்ளைச் சரளைக்கல்லைப் பார்க்கிறோம். சரளை வாடாது, யாரும் தேவையில்லை. ஆனால் ஈரத்தைப் பிடித்துக் காற்றைக் குளிர வைக்கிற வேலை அதற்குப் பாசி அளவுக்கு வராது. பார்க்க இன்னும் 'ஜென்' மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

வாசலும் ஒரு வேலைதான்

உள்ளே தோட்டம் என்றால் வெளியே தெரு. கியோட்டோவில் காலையில் அவரவர் வாசலைப் பெருக்கும் வழக்கத்துக்குக் கதோஹாகி என்று பெயர். அதில் ஓர் எழுதாத விதி: பக்கத்து வீட்டு எல்லைக்குள் ஒரு ஷாகு, அதாவது 30 சென்டிமீட்டர் போலச் சேர்த்துப் பெருக்கணும். எல்லையிலேயே நிறுத்தினால் கஞ்சத்தனம். அவர்கள் வாசல் முழுக்கப் பெருக்கினால் நீ சோம்பேறி என்று குத்திக்காட்டியதாக ஆகும். இந்த 30 சென்டிமீட்டரில் ஒரு தெருவின் மொத்த உறவும் இருக்கிறது.

நான் தங்கிய நாட்களில் பக்கத்து வீட்டு அம்மாள் காலையில் பெருக்குவதைப் பார்த்தேன். எங்கள் வாசல் பக்கம் வரும்போது ஒரு முழம் உள்ளே வந்துவிட்டுத் திரும்பினார். மறுபக்கத்திலிருந்து அவருக்கு யாரும் ஒரு முழம் பெருக்கவில்லை. நானும் பெருக்கவில்லை. துடைப்பம் எங்கே என்று கையேட்டில் இல்லை.

இது உணர்ச்சிவசப்பட்ட சமாசாரம் மட்டும் இல்லை. அந்த நாட்களில்தான் கியோன் திருவிழா. பெரிய தேர்கள் நிற்கும் தெருக்களில் கூட்டத்தோடு நானும் சுற்றினேன். ஒவ்வொரு தேரும் ஒரு 'ச்சோ'வுக்குச் சொந்தம். ஒரு தெருவின் இருபுறமும் எதிரெதிரே இருக்கும் வீடுகள் சேர்ந்ததுதான் ஒரு ச்சோ. ஆகஸ்ட் கடைசியில் தெருக் குழந்தைகளுக்காக ஜிசோ-போன் விழா நடத்துவதும் அதே அமைப்பு. தீயணைப்பு ஒத்திகை, சுற்றறிக்கைப் பலகை, குப்பை இடம் எல்லாமே அதன் பொறுப்பு. ஒரு வீடு விடுதியானால் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது. பத்து வீட்டுத் தெருவில் நான்கு விடுதியானால்? கட்டடங்கள் அத்தனையும் அழகாக நிற்கும். தேரை இழுக்க ஒருங்கிணைக்கும் ஆள் இருக்கமாட்டார். பயணி பார்க்க வந்த கியோட்டோவே அதுதான்.

நகராட்சிக்கு இது தெரியாமல் இல்லை. பொறுப்பாளர் சுமார் 10 நிமிடத்தில் வந்து சேரும் தூரத்தில் இருக்கணும் என்று விதி வைத்தது. நல்ல விதி. ஆனால் அது சத்தம், தீ மாதிரிப் பிரச்சினைக்கான விதி. பிரச்சினை எதுவும் இல்லாத ஒரு சாதாரணக் காலையில் அந்த வீட்டின் சார்பில் யார் வெளியே வருவார்கள் என்பதை எந்த விதியாலும் எழுத முடியாது.

வேறு மாதிரியும் செய்திருக்கிறார்கள்

முடியவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. ஹியோகோ மாநிலத்தின் சசயாமா பக்கம் மருயாமா என்று ஒரு சின்னக் கிராமம். 12 வீடுகள். அதில் 7 காலி. எஞ்சியது 5 குடும்பங்கள், 19 பேர். 2009இல் காலி வீடுகளில் மூன்றைப் புதுப்பித்து விடுதியாகத் திறந்தார்கள். இதில் என்னைக் கவர்ந்தது, நடத்தியவர்கள் யார் என்பது. ஊர்க்காரர்கள் ஒரு தரப்பு, வெளியிலிருந்து வந்த வல்லுநர் அமைப்பு இன்னொரு தரப்பு என்று சேர்ந்து கூட்டு நிறுவனம் அமைத்தார்கள். விருந்தினருக்குக் காலைச் சாப்பாடு ஊர்ப் பெண்கள் செய்தார்கள். கைவிட்டிருந்த வயல்களில் மறுபடி பயிர் வைத்தார்கள்.

இங்கேயும் வீடுகள் விடுதிதான். இங்கேயும் தரை சூடு, நல்ல குளியலறை எல்லாம் உண்டு. வித்தியாசம், வீட்டைத் திறப்பவரும் பெருக்குபவரும் அங்கேயே இருக்கிறார்கள், அதற்குப் பணமும் வாங்குகிறார்கள். நான் எண்ணாக்க முடியாமல் தவித்த அந்த வயதான பெண்ணுக்கு இவர்கள் கணக்கில் ஒரு கட்டம் போட்டுவிட்டார்கள்.

கிராமத்துக்குச் சரி, நகரத்துக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். அப்படியே ஒத்துவராது, கியோட்டோ தெருவில் நிலத்தின் விலையே வேறு. ஆனால் இதிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பழைய வீட்டுவிடுதியை மதிப்பிட இப்போது நான் இவற்றைத்தான் பயன்படுத்துகிறேன்.

ஒன்று, காற்று எந்த வழியாகப் போகிறது? தோட்டத்துக் கதவு திறக்குமா, நாணல் கதவுகள் இன்னும் இருக்கின்றனவா, நடையும் ஹிபுகுரோவும் அடைபடாமல் இருக்கின்றனவா? கொசுவலைக் கதவு ஒன்று போட்டால் கையேட்டின் பாதி நியாயம் போய்விடும்.

இரண்டு, யார் பெருக்குகிறார்கள்? துப்புரவு நிறுவனம் என்பது பதில் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெயர் தெரிந்த ஓர் ஆள் வேண்டும்.

மூன்று, விருந்தினர் இல்லாத நாட்களில் வீடு என்ன செய்கிறது? 180 நாள் சட்டப்படி ஓடும் வீட்டுக்கு வருஷத்தில் பாதிக்கு மேல் விருந்தினரே கிடையாது. மரமும் மண்ணும் வைக்கோலுமான வீடு பூட்டினால் பூஞ்சை பிடிக்கும். அந்த நாட்களில் அது தெருவுக்குப் பயன்படுகிறதா, வெறுமனே பூட்டிக் கிடக்கிறதா?

கையேட்டில் இன்னும் ஒரு பக்கம் சேர்க்கலாம் என்பது என் ஆசை. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தொட்டியிலிருந்து நீர் எடுத்துத் தோட்டத்தில் தெளியுங்கள். காலையில் துடைப்பம் இங்கே இருக்கிறது, பக்கத்து வாசலில் ஒரு ஷாகு சேர்த்துப் பெருக்குங்கள். வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு, பாசியை மிதித்துவிட்டால் என்ன செய்வது என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். சில விருந்தினர்கள் சொதப்புவார்கள். ஆனாலும், எனக்கு அந்த நான்கு நாளில் அப்படி ஒரு வேலை தந்திருந்தால், ஏசி ஏன் தோட்டத்துக்குள் ஊதுகிறது என்று மூன்றாம் நாள்வரை கவனிக்காமல் இருந்திருக்கமாட்டேன்.

சகாவின் விஷயம். இதையெல்லாம் எக்செல்லோடு சேர்த்து அனுப்பினேன். தோட்டம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, மஞ்சள் நிறம் அடித்திருந்தேன். அடுத்த வருஷமே கொரோனா வந்தது, பயணிகள் நின்றார்கள். கியோட்டோவில் எத்தனையோ விடுதிகள் மூடின. ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு எக்செல் தேவையில்லாமல் பதில் கிடைத்துவிட்டது. இடிக்கவும் அவருக்கு மனசு வரவில்லை. போன மாதம் பேசும்போது கேட்டேன். இன்னும் முடிவு எடுக்கவில்லையாம். மாதம் இரண்டு சனிக்கிழமை ஒசாகாவிலிருந்து ரயிலில் போய், எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டு, தோட்டத்தில் இலை பொறுக்கி, வாசலைப் பெருக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறாராம். பக்கத்து வாசலில் எவ்வளவு தூரம் பெருக்குவீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அம்மா நிறுத்துகிற இடம் வரைக்கும் என்றார்.